கிளாட் கோடுடன் டீப்விக்கியை இணைத்தல்: வரும் பதில் எந்தப் பதிப்புக்கு?

டெர்மினலில் ஓடும் ஏ.ஐ. உதவியாளர்கள் உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருப்பதை நன்றாகவே படிக்கின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோடை எடுத்துக்கொண்டால், கோப்புகளைத் தேடும், திறந்து வாசிக்கும், திருத்தும், டெஸ்ட்டை ஓட்டியும் பார்க்கும். சிக்கல் ஃபோல்டருக்கு வெளியேதான் தொடங்குகிறது. நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி வந்தால், மாடல் பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் பார்த்ததை வைத்தே பதில் சொல்லும். அது பழைய பதிப்பாக இருக்கலாம், இரண்டு மூன்று பதிப்புகள் கலந்த கலவையாகவும் இருக்கலாம். பதிலின் தொனியில் மட்டும் தயக்கமே தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டின் நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியம்) பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள் வந்தன. ஒரு ரெப்போவை முழுதாகப் படித்து இண்டெக்ஸ் செய்து வைத்துக்கொண்டு, "இந்த வேலை எங்கே நடக்கிறது, எப்படி நடக்கிறது" என்று கேட்டால் கோப்பின் பெயரோடு விளக்கம் தருபவை இவை. எளிதாகக் கைக்கு எட்டுவது டீப்விக்கி. டெவின் என்ற ஏ.ஐ. பொறியாளரை உருவாக்கிய காக்னிஷன் நிறுவனம் 2025 ஏப்ரலில் இதை வெளியிட்டது. கிட்ஹப் ரெப்போ ஒன்றின் முகவரியில் கிட்ஹப் என்ற பெயரை எடுத்துவிட்டு டீப்விக்கி என்று போட்டால், அந்த ரெப்போவுக்கான விக்கி திறக்கும். பொது ரெப்போ என்றால் காசும் இல்லை, லாகினும் இல்லை. இதே வசதியை எம்.சி.பி. சர்வராகவும், அதாவது ஏ.ஐ. உதவியாளரோடு இணைக்கக்கூடிய சர்வராகவும், தருகிறார்கள்.

இணைப்பது ஒரு நிமிட வேலை. இணைத்த பிறகு வரும் பதில் எந்த ரெப்போவைப் பற்றியது, அதன் எந்தக் கமிட்டை, அதாவது பதிவான எந்த நிலையைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவதுதான் உண்மையான வேலை.

உள்ளே நடப்பது

எம்.சி.பி. என்பது ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்; ஏ.ஐ. உதவியாளர்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொது முறை. அடியில் ஓடுவது, செய்திகளை ஜேசன் வடிவில் பரிமாறும் ஜேசன் ஆர்.பி.சி. 2.0. கிளையன்ட், அதாவது கிளாட் கோட், முதலில் 'இனிஷியலைஸ்' செய்தியை அனுப்பி எந்த புரோட்டோகால் பதிப்பில் பேசுவது என்று சர்வரோடு ஒத்துக்கொள்கிறது. அடுத்து 'டூல்ஸ் லிஸ்ட்'. அதற்குச் சர்வர் தன்னிடமுள்ள டூல்களின் பெயர், விளக்கம், ஒவ்வொன்றும் கேட்கும் உள்ளீடுகள் ஆகியவற்றைத் தருகிறது. கிளாட் கோட் இந்த விளக்கங்களை மாடலின் கண்ணில் படும்படி வைக்கிறது. எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று மாடல் தீர்மானித்ததும், 'டூல்ஸ் கால்' என்ற செய்தியைச் சர்வருக்கு அனுப்புவது கிளாட் கோட்தான். மாடல் சர்வரை நேரடியாகத் தொடுவதே இல்லை. அதனால் டூலின் விளக்கமும் நீங்கள் கொடுக்கும் அறிவுறுத்தலும் தெளிவாக இல்லையென்றால், சர்வர் இணைந்திருந்தும் மாடல் அதைக் கூப்பிடாமல் நினைவிலிருந்தே பதில் சொல்லிவிடும். "இணைத்தேன், ஆனால் பயன்படுத்தவே மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டீப்விக்கி தருவது மூன்று டூல்கள். 'ரீட் விக்கி ஸ்ட்ரக்சர்' விக்கியின் தலைப்புப் பட்டியலைக் கொடுக்கும். 'ரீட் விக்கி கன்டென்ட்ஸ்' பக்கங்களின் உள்ளடக்கத்தைக் கொண்டுவரும். 'ஆஸ்க் கொஸ்டின்' ரெப்போவின் பெயரையும் கேள்வியையும் வாங்கிக்கொண்டு பதில் தரும். அன்றாட வேலைக்கு மூன்றாவதே போதும்.

இணைக்கும் கட்டளை

டெர்மினலில் 'கிளாட் எம்.சி.பி. ஆட்' என்று தொடங்கி, டிரான்ஸ்போர்ட் (செய்தி போகும் வழி) தேர்வுக்கு ஹெச்.டி.டி.பி. என்றும், ஸ்கோப் (சர்வர் எங்கெல்லாம் தெரிய வேண்டும் என்ற எல்லை) தேர்வுக்கு யூசர் என்றும் கொடுத்து, பிறகு டீப்விக்கி என்று ஒரு பெயர் வைத்து, கடைசியில் சர்வரின் முகவரியைத் தர வேண்டும். அந்த முகவரி, டீப்விக்கியின் டாட்காம் டொமைனுக்கு முன்னால் எம்.சி.பி. என்ற சப்டொமைனும், பின்னால் எம்.சி.பி. என்ற பாதையும் கொண்டது. வரிசை முக்கியம். டிரான்ஸ்போர்ட், ஸ்கோப், ஹெட்டர் போன்ற தேர்வுகள் எல்லாம் சர்வரின் பெயருக்கு முன்னால் வர வேண்டும்.

டிரான்ஸ்போர்ட்டைச் சொல்ல மறந்தால் என்ன ஆகும்? உங்கள் கணினியிலேயே ஒரு புரோகிராமைத் துவக்கி, அதன் ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாகப் பேச வேண்டிய லோக்கல் சர்வர் இது என்று கிளாட் கோட் எடுத்துக்கொள்ளும். அப்போது முகவரியே ஒரு புரோகிராமின் பெயர் ஆகிவிடும். அப்படி ஒரு புரோகிராம் இல்லை, இணைப்பும் விழாது. முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் 'ஃபெயில்ட்' என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது குழப்பம் எஸ்.எஸ்.இ., அதாவது சர்வர் தன் செய்திகளைத் தொடர்ந்து அனுப்பும் 'சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ்' முறை பற்றியது. தொடக்கத்தில் தொலைவில் உள்ள சர்வர்களோடு பேச எம்.சி.பி. இரண்டு முகவரிகளைப் பயன்படுத்தியது. ஒன்றில் எஸ்.எஸ்.இ. ஓடை திறந்தே இருக்கும், மற்றொன்றுக்குச் செய்திகள் போகும். 2025 மார்ச் 26 தேதியிட்ட விவரக்குறிப்பு இதை மாற்றி, ஒரே முகவரியில் எல்லாம் நடக்கும் ஸ்ட்ரீமபிள் ஹெச்.டி.டி.பி. முறையைக் கொண்டுவந்தது. டீப்விக்கி பழைய வழிக்கென்று எஸ்.எஸ்.இ. என்று முடியும் முகவரியையும் கொடுத்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பலவும் இந்த முகவரியைத்தான் காட்டும். புதிய முகவரியோடு பழைய டிரான்ஸ்போர்ட்டையோ, பழைய முகவரியோடு புதிய டிரான்ஸ்போர்ட்டையோ சேர்த்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு முறையில் பேசும். புதிதாக இணைப்பவர்கள் எம்.சி.பி. என்று முடியும் முகவரியையும் ஹெச்.டி.டி.பி. டிரான்ஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிரவுசரில் முகவரியைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. பிழைச் செய்தி வந்தால் பதற வேண்டாம். அந்த முகவரி, தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை எதிர்பார்ப்பது. பிரவுசர் அனுப்புவதோ பக்கத்தைக் கேட்கும் கெட். விவரக்குறிப்பே அத்தகைய கோரிக்கையை 405 என்று திருப்பி அனுப்ப அனுமதிக்கிறது. கர்ல் என்ற டெர்மினல் கருவியை வைத்துச் சோதிப்பதானால், 'அக்செப்ட்' ஹெட்டரில் சாதாரண ஜேசன், ஈவென்ட் ஸ்ட்ரீம் இரண்டையும் குறிப்பிட்டு 'இனிஷியலைஸ்' செய்தியை போஸ்ட் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் சர்வர் மறுக்கலாம்.

வீட்டில் வேலை செய்கிறது, அலுவலகத்தில் செய்யவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டியது, இணையப் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்பும் ப்ராக்ஸியை. ஹெச்.டி.டி.பி.எஸ். ப்ராக்ஸி என்ற சூழல் மாறியை அமைக்க வேண்டியிருக்கும். ப்ராக்ஸி டி.எல்.எஸ். என்ற மறையாக்க இணைப்பைப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால், நிறுவனத்தின் சான்றிதழ் கோப்பை 'நோட் எக்ஸ்ட்ரா சி.ஏ. செர்ட்ஸ்' என்ற மாறியில் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஸ்கோப் விஷயத்தில் மூன்று வழிகள். ஒன்றும் சொல்லாவிட்டால் லோக்கல். அதாவது உங்களுக்கு மட்டும், இந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும். மறுநாள் வேறு ஃபோல்டரில் கிளாட் கோடைத் திறந்துவிட்டுச் சர்வர் காணாமல் போய்விட்டதே என்று தேடுவது இதனால்தான். யூசர் என்றால் உங்கள் எல்லா ப்ராஜெக்ட்டிலும் இருக்கும். இவ்விரண்டும் ஹோம் ஃபோல்டரிலுள்ள 'டாட் கிளாட் டாட் ஜேசன்' கோப்பில் பதிவாகின்றன. ப்ராஜெக்ட் என்று கொடுத்தால் ரெப்போவின் வேரில் 'டாட் எம்.சி.பி. டாட் ஜேசன்' உருவாகும். அதை கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் சேர்த்தால் குழு முழுதும் பெறும். குழுவில் உள்ளவர்கள் முதல்முறை திறக்கும்போது அனுமதி கேட்கும். யாராவது தவறுதலாக மறுத்துவிட்டால் 'கிளாட் எம்.சி.பி. ரீசெட் ப்ராஜெக்ட் சாய்சஸ்' என்ற கட்டளை அந்த முடிவைத் துடைத்துவிடும். அனுமதிகள் எழுதும் 'செட்டிங்ஸ் டாட் ஜேசன்' வேறு கோப்பு. சர்வர் விவரத்தை அதில் எழுதிவிட்டு எடுபடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் அமர்வில் புதிய சர்வர் தெரியாது. வெளியே வந்து திரும்பத் திறந்து, 'சாய்கோடு எம்.சி.பி.' அடித்தால் நிலையும் டூல்களும் காட்டப்படும்.

டோக்கன் கணக்கு

'ரீட் விக்கி கன்டென்ட்ஸ்' பெரிய ரெப்போக்களில் ஒரே அழைப்பில் மிக நீளமான உரையைக் கொண்டுவந்து கொட்டும். டோக்கன் என்பது மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு; எம்.சி.பி. டூல் ஒன்றின் பதில் 10,000 டோக்கனைத் தாண்டினால் கிளாட் கோட் எச்சரிக்கும். இயல்பான உச்சவரம்பு 25,000. 'மேக்ஸ் எம்.சி.பி. அவுட்புட் டோக்கன்ஸ்' என்ற சூழல் மாறியால் வரம்பை உயர்த்தலாம். உயர்த்த முடிகிறது என்பதற்காக உயர்த்த வேண்டாம். அந்த 25,000 டோக்கனும் உங்கள் உரையாடலின் இடத்தைத்தான் தின்கின்றன. தேவைப்பட்டது ஒரு ஃபங்ஷனின் நடத்தை மட்டும் என்றால் அதற்கு இது அநியாய விலை. குறிப்பான ஒரு கேள்வியை 'ஆஸ்க் கொஸ்டின்' வழியாகக் கேட்பதே சிக்கனம். அதில் சர்வர் பக்கத்திலேயே ஒரு மாடல் ரெப்போவைத் துழாவிப் பதிலைத் தயாரிக்கிறது. அதனால் சில சமயம் பதில் வரத் தாமதமாகும். டூல் பாதியில் அறுந்துபோனால் 'எம்.சி.பி. டூல் டைம்அவுட்' என்ற மாறியை உயர்த்துங்கள். 'எம்.சி.பி. டைம்அவுட்' என்பது சர்வர் துவங்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கானது. இரண்டும் மில்லிசெகண்டில்.

சர்வர் பக்கத்திலும் ஒரு மாடல் இருக்கிறது என்பது வேகத்துக்கு மட்டுமல்ல, நம்பகத்துக்கும் முக்கியமான விவரம். அங்கே உள்ள மாடல் தனக்குக் கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு விளக்கம் எழுதுகிறது. இங்கே உள்ள மாடல் அந்த விளக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு நிரல் எழுதுகிறது. முதல் படியில் ஊகமாக நுழைந்தது இரண்டாம் படியில் உண்மையாகிவிடும்.

எக்ஸ்பிரஸ்: கிட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு

ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோட் உலகில், வெப் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் லைப்ரரி தெரியாதவர்கள் குறைவு. எக்ஸ்பிரஸ் 5.0 வெளிவந்தது 2024-இல்; 2025 மார்ச் இறுதியில் 5.1 வந்தபோதுதான் என்.பி.எம். என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் 5-ஆம் வரிசை இயல்பான பதிப்பானது. ஏராளமான ப்ராஜெக்ட்டுகளில், தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் 'பேக்கேஜ் டாட் ஜேசன்' இன்னும் தொப்பிக் குறியோடு 4.18 என்றே சொல்கிறது. அந்தக் குறி 4-க்குள் மேலே ஏறவிடும், 5-க்குத் தாண்டவிடாது.

இப்போது கேள்வி: கோரிக்கைக்குப் பதில் தரும் அசின்க் ஹேண்ட்லருக்குள் (முடிவைப் பிறகு தரும் ஃபங்ஷனுக்குள்) எர்ரர் எழுந்தால் எக்ஸ்பிரஸ் என்ன செய்யும்? ரெப்போவின் முதன்மைக் கிளை 5-ஆம் வரிசையில் இருப்பதால், அதை வைத்து வரும் பதில் "எர்ரர் தானாகவே உங்கள் எர்ரர் ஹேண்ட்லருக்குப் போய்விடும்" என்பது. அந்தப் பதிப்புக்கு அது முற்றிலும் சரி. உதவியாளர் இதை நம்பி ஹேண்ட்லர்களில் எர்ரரைப் பிடிக்க இருந்த டிரை–கேட்ச்களை எல்லாம் "தேவையில்லை" என்று அழகாகச் சுத்தம் செய்யும்.

உங்கள் ப்ராஜெக்ட் 4-இல் இருந்தால் நடப்பது வேறு. அங்கே 'லிப்' ஃபோல்டரின் 'ரவுட்டர்' உள்ஃபோல்டரில் 'லேயர்' என்ற கோப்பு ஹேண்ட்லரை ஒரு டிரை–கேட்ச்சுக்குள் கூப்பிடுகிறது. திரும்பி வரும் மதிப்பைப் பார்ப்பதே இல்லை. அசின்க் ஃபங்ஷன் எர்ரரை உடனே வீசாமல், தோற்ற ப்ராமிஸாகத் (பின்னால் வரும் முடிவைச் சுமக்கும் பொருளாகத்) திருப்பித் தருகிறது. கேட்ச் அதைப் பிடிக்காது, எர்ரரை எர்ரர் ஹேண்ட்லருக்குத் தள்ளும் 'நெக்ஸ்ட்' கூப்பிடப்படாது, பதில் வராமல் பிரவுசர் காத்துக்கிடக்கும். நோட் 15 முதல், யாரும் கையாளாத ப்ராமிஸ் தோல்வி இயல்பாகவே ப்ராசஸை நிறுத்திவிடும். ஒரே ஒரு பயனரின் கோரிக்கையில் எழுந்த எர்ரர் முழு சர்வரையும் சாய்க்கும். டெஸ்ட்டில் வெற்றிப் பாதைகள் மட்டும் இருந்தால், புரொடக்ஷனுக்குப் போகும்வரை இது தெரியவே தெரியாது.

இதே எடுத்துக்காட்டில் இரண்டாவது பொறியும் உண்டு. 5-இல் ரவுட்டர் எக்ஸ்பிரஸ் ரெப்போவுக்குள்ளேயே இல்லை. அது தனி பேக்கேஜ், பில்லர்ஜேஎஸ் என்ற அமைப்பின் ரெப்போவில் இருக்கிறது. தோற்ற ப்ராமிஸைப் பிடித்து 'நெக்ஸ்ட்'டுக்குக் கொடுக்கும் வரிகள் அங்கே உள்ள 'லேயர்' கோப்பில்தான். எக்ஸ்பிரஸ் ரெப்போவை மட்டும் வைத்து இந்த வரிகளைத் தேடினால் கிடைக்காது. அப்போது வருவது ரிலீஸ் குறிப்புகளையோ பொது அறிவையோ வைத்துச் சொன்ன பதிலாக இருக்கும். டூலுக்கு ரெப்போவின் பெயரை 'உரிமையாளர் சாய்கோடு ரெப்போ' என்ற வடிவில் தர வேண்டும் என்பதால், மாடல் உரிமையாளரின் பெயரையும் ஊகிக்கப் பார்க்கும். ரவுட்டர் என்றதும் எக்ஸ்பிரஸ்ஜேஎஸ் என்று முன்னால் போட்டால் நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் தவறு. சரியான பெயர் உங்கள் கணினியிலேயே இருக்கிறது: 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டருக்குள் அந்த பேக்கேஜின் 'பேக்கேஜ் டாட் ஜேசன்' கோப்பில் 'ரெப்பாசிட்டரி' என்ற வரி.

இண்டெக்ஸும் எப்போதும் இன்றைய நிலையில் இருக்காது. டீப்விக்கியின் பக்கத்தில், கடைசியாக இண்டெக்ஸ் செய்த தேதியும் கமிட்டின் அடையாளமும் காட்டப்படும். எம்.சி.பி. வழியாகக் கேட்கும்போது அது கண்ணில் படாது. முக்கியமான கேள்வி என்றால் ஒருமுறை பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இண்டெக்ஸே ஆகாத ரெப்போ என்றால் டூல் பதில் தராது; அதே பக்கத்துக்குப் போய் இண்டெக்ஸ் செய்யச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

கேட்கும் முறை

கிளாட் கோட் தொடக்கத்திலேயே வாசிக்கும், ப்ராஜெக்ட்டின் 'கிளாட் டாட் எம்.டி.' கோப்பில் இப்படி எழுதி வைப்பது பலன் தரும்: "வெளி லைப்ரரியின் உள்வேலை பற்றிச் சந்தேகம் வந்தால் முதலில் லாக் கோப்பில் நிறுவிய பதிப்பைப் பார். ரெப்போவின் பெயரை அந்த பேக்கேஜின் விவரக் கோப்பிலிருந்து எடு. டீப்விக்கியிடம் கேட்கும்போது கோப்பின் பாதையையும் ஃபங்ஷனின் பெயரையும் சேர்த்துக் கேள். அது சொல்லும் இடத்தை நிறுவிய நிரலில் திறந்து ஒப்பிடு. இரண்டும் முரண்பட்டால் நிறுவிய நிரலையே நம்பு. முரண்பாட்டை எனக்குச் சொல்." கோப்பையும் ஃபங்ஷனையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம், அவற்றைச் சரிபார்க்க முடியும். "எக்ஸ்பிரஸ் எப்படி வேலை செய்கிறது" என்ற கேள்விக்கு வரும் அழகான நான்கு பத்திகளில் சரிபார்க்க எதுவுமே இருக்காது.

எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது

கேள்வியை எழுதுவது நீங்கள் அல்ல, மாடல். உங்கள் நிறுவனத்தின் மூடிய நிரலில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, விளக்கமாகக் கேட்கிறேன் என்று அந்த நிரலின் ஒரு பகுதியையே கேள்விக்குள் ஒட்டி அனுப்ப அது தயங்காது. அனுமதி கேட்கும் பெட்டியில் கேள்வி முழுதும் தெரியும். மூடிய நிரலில் வேலை செய்பவர்கள் அதை வாசித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். குழு முழுவதற்கும் ப்ராஜெக்ட் ஸ்கோப்பில் சேர்ப்பதை அதனால்தான் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு செய்யச் சொல்கிறேன்.

உள்ளே வருவதிலும் ஆபத்து உண்டு. பொது ரெப்போவில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். ஒரு ரீட்மீ கோப்பிலோ கமென்ட்டிலோ மாடலை நோக்கி எழுதிய கட்டளை, பதிலோடு கலந்து உங்கள் டெர்மினல்வரை வர வழியிருக்கிறது. டீப்விக்கி டூல்கள் வாசிக்க மட்டுமே செய்பவை என்பதால் அவற்றுக்கு நிரந்தர அனுமதி கொடுப்பவர்கள் உண்டு. பொதுத் திறமூல வேலைக்கு அது பரவாயில்லை. ஆனால் அதே அமர்வில் பாஷ் (டெர்மினல்) கட்டளைகளையும் கோப்புத் திருத்தத்தையும் கேட்காமலே ஓடவிடக் கூடாது.

மூடிய ரெப்போக்களை இலவச சர்வர் பார்க்காது. அதற்கு டெவினின் எம்.சி.பி. சர்வரை ஏ.பி.ஐ. சாவியோடு இணைக்க வேண்டும். சாவியைக் குழுவின் 'டாட் எம்.சி.பி. டாட் ஜேசன்' கோப்பில் நேராக எழுதிவிட்டால் அது கிட்டின் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும். டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டுச் சூழல் மாறியின் பெயரை எழுதுங்கள். கிளாட் கோட் ஓடும்போது மதிப்பை நிரப்பிக்கொள்ளும். அந்த மாறியை அமைக்காதவரின் கணினியில், மாற்று மதிப்பும் கொடுக்கப்படவில்லை என்றால், அமைப்புக் கோப்பையே வாசிக்க முடியாமல் போகும். எனவே ரீட்மீயில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

வேறு கருவி பயன்படுத்துவோருக்கு: கூகுளின் ஜெமினி சி.எல்.ஐ.-யின் முந்தைய பதிப்புகளில் சர்வர் முகவரியை 'ஹெச்டிடிபி யூஆர்எல்' என்ற பெயரில் தர வேண்டியிருந்தது. வெறும் 'யூஆர்எல்' என்றால் எஸ்.எஸ்.இ. என்று அவை எடுத்துக்கொண்டன. ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் ஜேசனுக்குப் பதில் டாமல் கோப்பை வாசிக்கிறது. அங்கே பிரிவின் பெயர் அடிக்கோட்டோடு 'எம்சிபி அடிக்கோடு சர்வர்ஸ்'. மற்றக் கருவிகளின் எழுத்து முறையை அப்படியே ஒட்டினால் எடுக்காது.

எல்லாக் கேள்விக்கும் சர்வர் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் லைப்ரரிகளில் பெரும்பாலானவற்றின் நிரல் உங்கள் வட்டிலேயே கிடக்கிறது. "நோட் மாட்யூல்ஸில் தேடிப் பார்" என்று சொன்னாலே போதும், பதிப்பும் தானாகப் பொருந்திவிடும். மினிஃபை செய்த பண்டில்கள், ஜாவாவின் ஜார் கோப்புகள், சி-யில் எழுதி கம்பைல் செய்த பைத்தான் வீல்கள் ஆகியவற்றில்தான் வாசிக்க மூல நிரல் கையில் இருக்காது. அங்கே டீப்விக்கியிடம் கேட்டு எந்தக் கோப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் நிறுவிய பதிப்பின் டேகைக் (பெயர்க்குறியைக்) குறிப்பிட்டு, வரலாறு இல்லாமல் ஆழம் 1 என்று அந்த ரெப்போவை வேறொரு ஃபோல்டரில் குளோன் (நகல்) செய்து, அந்த ஃபோல்டரையும் சேர்க்கும் 'ஆட் டிர்' தேர்வோடு கிளாட் கோடைத் திறந்து, அதே கோப்பை அந்தப் பதிப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.